2.2 ஏக்கர் பார்க்கிங் லாட், 5,000 ஆண்டு கிளிஞ்சல் மேடு: கார்பன் டேட்டிங் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது?

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் உள்ள பெர்க்லி நகரில், ஃபோர்த் ஸ்ட்ரீட் கடைவீதியை ஒட்டி ஒரு பார்க்கிங் லாட் இருக்கிறது. பரப்பளவு 2.2 ஏக்கர். பார்த்தால் வெறும் தார்த் தரைதான். 2024 மார்ச்சில் அந்த இடத்தை 2.7 கோடி டாலர் கொடுத்து வாங்கி, பழங்குடிப் பெண்கள் தலைமையில் இயங்கும் சொகோரியா தே நில அறக்கட்டளையிடம் ஒப்படைக்க பெர்க்லி நகர மன்றம் ஒருமனதாக வாக்களித்தது. இதில் நகர நிர்வாகம் போட்ட பணம் 15 லட்சம் டாலர். மீதி 2.55 கோடி டாலரை அறக்கட்டளையே திரட்டிக் கொடுத்தது.

ஒரு பார்க்கிங் லாட்டுக்கு ஏன் இவ்வளவு பெரிய தொகை?

அந்தப் பகுதியில்தான் ஒரு காலத்தில் 'வெஸ்ட் பெர்க்லி கிளிஞ்சல் மேடு' இருந்தது. சான் பிரான்சிஸ்கோ வளைகுடாவைச் சுற்றி மனிதர்கள் குடியிருந்ததற்குக் கிடைத்துள்ள மிகப் பழைய ஆதாரங்களில் ஒன்று அது. வயது சுமார் 5,000 ஆண்டுகளுக்கு மேல்.

அந்த 5,000 என்ற எண் எங்கிருந்து வந்தது? ஒரே மேட்டில், ஒரே அடுக்கில் எடுத்த கிளிஞ்சலும் கரித்துண்டும் வேறு வேறு வயது காட்டினால் எதை நம்புவது? இந்தக் கேள்விக்குப் பின்னால் இருக்கும் அறிவியல், கீழடி, சிவகளை பற்றிய செய்திகளைப் படிப்பவர்களுக்கும் தேவையான ஒன்றுதான்.

முதல்ல, கிளிஞ்சல் மேடு என்றால் என்ன?

சுருக்கமாகச் சொன்னால், சாப்பிட்டுப் போட்ட குப்பை. கடலோரத்தில் வாழ்ந்தவர்கள் மட்டி, சிப்பி, நத்தை எல்லாம் எடுத்துச் சாப்பிட்டு ஓடுகளை ஒரே இடத்தில் போட்டார்கள். கூடவே மீன் முள், விலங்கு எலும்பு, அடுப்புச் சாம்பல், உடைந்த கருவிகள். தலைமுறை தலைமுறையாக இது குவிந்தால் மேடு.

ஆனால் வெறும் குப்பை மட்டும் இல்லை. பல மேடுகளின் மேல் மக்கள் குடியிருந்தார்கள். இறந்தவர்களை அதிலேயே புதைத்தார்கள். ஓலோனி மக்கள் இதைத் தங்கள் மூதாதையரின் இடுகாடாகவும் வழிபாட்டு இடமாகவும் பார்ப்பது அதனால்தான்.

ஓட்டில் இருக்கும் சுண்ணாம்பு மண்ணின் அமிலத்தன்மையைக் குறைத்துவிடும். அதனால் சாதாரண மண்ணில் கரைந்து போகும் எலும்புகூட இங்கே ஆயிரக்கணக்கான ஆண்டுகள் தாங்கும். தொல்லியல் ஆய்வாளர்களுக்கு இது புதையல்.

இப்படிப்பட்ட மேடுகள் உலகம் முழுக்க உண்டு. டென்மார்க்கில் 1848-ல் இவற்றை ஆராயத் தனிக் குழுவே அமைத்தார்கள். ஜப்பானில் 1877-ல் எட்வர்ட் மோர்ஸ் என்ற அமெரிக்க விலங்கியலாளர் ரயில் ஜன்னல் வழியாகப் பார்த்துக் கண்டுபிடித்த ஓமோரி மேடுதான் அந்நாட்டின் நவீன தொல்லியலுக்குத் தொடக்கம். பிரேசிலில் இவற்றுக்கு 'சம்பாக்கி' என்று பெயர். சில சம்பாக்கிகள் 30 மீட்டர் உயரம் வரை போகின்றன.

425 மேடுகள் இருந்தன. எங்கே போயின?

1909-ல் நெல்ஸ் நெல்சன் என்ற ஆய்வாளர் சான் பிரான்சிஸ்கோ வளைகுடாவைச் சுற்றி நடந்தே கணக்கெடுத்து, 425 கிளிஞ்சல் மேடுகளைப் பதிவு செய்தார். இன்று அவற்றில் பெரும்பாலானவை கண்ணுக்குத் தெரியாது.

காரணம் ரொம்ப சாதாரணமானது. கிளிஞ்சல் ஓடு நல்ல சரக்கு. சாலை போட ஆகும், உரமாகும், கோழித் தீவனத்தில் கலக்கலாம். கிளிஞ்சலைச் சுட்டு சுண்ணாம்பு எடுத்து வீடு கட்டிய நம் ஊர் வழக்கம் தெரிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. அமெரிக்காவின் இன்னொரு கோடியில், மெய்ன் மாநிலத்தின் டமரிஸ்காட்டா ஆற்றங்கரையில் இருந்த பிரம்மாண்டமான சிப்பி மேட்டை 1886 முதல் 1891 வரை ஒரு கம்பெனி வெட்டி எடுத்து, அரைத்து கோழித் தீவனமாக விற்றது. பிரேசிலில் சுண்ணாம்புக்காக சம்பாக்கிகளைத் தோண்டுவது கட்டுக்கடங்காமல் போகவே, 1961-ல் தனிச் சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது.

பெர்க்லிக்குப் பக்கத்து ஊரான எமரிவில்லில் இருந்த பெரிய மேட்டின் மேல் முதலில் ஒரு கேளிக்கைப் பூங்கா வந்தது. 1924-ல் மேட்டையே தரைமட்டமாக்கித் தொழிற்சாலைகள் கட்டினார்கள். இன்று அங்கே ஒரு ஷாப்பிங் மால். வாசலில் போகும் தெருவின் பெயர் மட்டும் 'ஷெல்மவுண்ட் ஸ்ட்ரீட்'.

வெஸ்ட் பெர்க்லி மேடும் 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே தரைக்கு மேல் காணாமல் போய்விட்டது. அதாவது இன்று கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டிய மேல் அடுக்குகள், கேள்வி பிறக்கும் முன்பே சாலைக்கு அடியில் போய்விட்டன. மிஞ்சியது தரைக்குக் கீழே இருக்கும் மிச்சமும், 1950-களுக்குள் தோண்டி எடுத்து வைத்த மாதிரிகளும்தான்.

கார்பனுக்கு முன்னால் வயதை எப்படிக் கணக்குப் போட்டார்கள்?

நெல்சன் செய்தது ஒரு மனக்கணக்கு. எல்லிஸ் லேண்டிங் என்ற மேட்டின் மொத்தக் கொள்ளளவை அளந்தார். அங்கே சுமார் எத்தனை பேர் இருந்திருப்பார்கள், ஒருவர் ஒரு நாளைக்கு எத்தனை மட்டி சாப்பிட்டிருப்பார், அந்த ஓடுகள் எவ்வளவு இடத்தை அடைக்கும் என்று அனுமானித்து வகுத்தார். வந்த விடை, ஏறத்தாழ 3,500 ஆண்டுகள்.

கையில் வேறு கருவி எதுவும் இல்லாத காலத்தில் இது மோசமான முயற்சி இல்லை. ஆனால் மக்கள் தொகையை இரட்டிப்பாக வைத்தால் வயது பாதியாகிவிடும். அனுமானத்தை மாற்றினால் வரலாறே மாறும். அந்த நிலையைத்தான் கார்பன்-14 மாற்றியது.

கார்பன் டேட்டிங் எப்படி வேலை செய்கிறது?

வானத்தில் காஸ்மிக் கதிர்கள் நைட்ரஜனோடு மோதுவதால் கார்பன்-14 என்ற கதிரியக்க அணு தொடர்ந்து உருவாகிக்கொண்டே இருக்கிறது. அது கார்பன் டை ஆக்சைடாக மாறி, செடிக்குள் போகிறது. செடியைத் தின்னும் விலங்குக்குள் போகிறது. நம் உடம்பிலும் இருக்கிறது. அளவு மிக மிகக் குறைவு. ஒரு லட்சம் கோடி கார்பன் அணுக்களில் ஏறத்தாழ ஒன்று.

உயிர் போனதும் வரவு நின்றுவிடும். உள்ளே இருப்பது சிதைய ஆரம்பிக்கும். 5,730 ஆண்டுகளில் பாதியாகும், அடுத்த 5,730-ல் அதில் பாதி. மிச்சம் எவ்வளவு என்று அளந்தால், இறந்து எவ்வளவு காலம் ஆனது என்று சொல்லலாம். சுமார் 50,000 ஆண்டுகள் வரை இந்த முறை கை கொடுக்கும். சிகாகோ பல்கலைக்கழகத்தில் 1940-களின் இறுதியில் இதை உருவாக்கிய வில்லார்ட் லிபிக்கு 1960-ல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

முன்பு இதற்குக் கைநிறைய மாதிரி தேவைப்பட்டது. இன்று ஆக்சிலரேட்டர் மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி தொழில்நுட்பத்தில் சில மில்லிகிராம் கார்பன் போதும். ஒரு விதை, ஒரு ஓட்டுத் துணுக்கு, அவ்வளவுதான்.

அப்போ கிளிஞ்சலில் என்ன சிக்கல்?

மேலே சொன்ன கணக்கு, எல்லா உயிரினங்களும் காற்றில் இருந்து கார்பனை எடுக்கின்றன என்ற அடிப்படையில் நிற்கிறது. கிளிஞ்சல் அப்படி இல்லை. அது தன் ஓட்டைக் கட்டுவது கடல்நீரில் கரைந்திருக்கும் கார்பனை வைத்து.

கடலின் ஆழத்தில் இருக்கும் நீர் பல நூற்றாண்டுகள் காற்றையே பார்க்காமல் இருக்கும். அதில் உள்ள கார்பன்-14 அங்கேயே சிதைந்துகொண்டிருக்கும். இந்தப் 'பழைய' நீர் மேலே வந்து கலக்கும்போது, மேற்பரப்பு நீரும் கொஞ்சம் பழையதாகிவிடுகிறது. அதில் வளரும் கிளிஞ்சல், உயிரோடு இருக்கும்போதே சில நூறு ஆண்டுகள் வயதானது போலக் காட்டும். இதற்குக் கடல் தேக்க விளைவு என்று பெயர்.

வங்கிக் கணக்கை வைத்து யோசித்தால் எளிது. தினமும் எவ்வளவு செலவாகும் என்று தெரியும், இப்போது மிச்சம் எவ்வளவு என்றும் தெரியும். ஆனால் ஆரம்ப இருப்பு எவ்வளவு என்பதைத் தப்பாக எடுத்துக்கொண்டால், நாள் கணக்கு முழுவதும் தப்பு.

இந்தப் பிழை ஊருக்கு ஊர் மாறும் என்பதுதான் அடுத்த தலைவலி. உலக சராசரி 400 ஆண்டுகள் என்று நீண்ட காலம் எடுத்துக்கொண்டார்கள். கலிஃபோர்னியா கரையில் காற்றால் ஆழ்நீர் மேலே இழுக்கப்படுவதால், அங்கே 600-700 ஆண்டுகள் வரை வரும். அண்டார்டிகாவில் உயிரோடு இருக்கும் கடல் உயிரினமே ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் வயது காட்டும்.

ஆற்றிலும் ஊற்றிலும் கதை இன்னும் மோசம். சுண்ணாம்புப் பாறையில் இருக்கும் கார்பன் கோடிக்கணக்கான ஆண்டுகள் பழையது, அதில் கார்பன்-14 மிச்சமே இருக்காது. அந்தப் பாறை வழியாக வரும் நீரில் வளரும் நத்தைக்கு என்ன ஆகும்? 1984-ல் வெளியான ஒரு ஆய்வில், அமெரிக்காவின் நெவாடா மாநில ஊற்றுகளில் உயிரோடு இருந்த நத்தைகளின் ஓடு 27,000 ஆண்டுகள் வயது காட்டியது.

இதை வைத்து 'கார்பன் டேட்டிங்கே டுபாக்கூர்' என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் வாதங்கள் உண்டு. ஆனால் இந்தப் பிழையைக் கண்டுபிடித்து, காரணத்தோடு வெளியிட்டதே கார்பன் டேட்டிங் செய்பவர்கள்தான். ஆரம்ப இருப்பு எங்கே மாறும் என்று தெரிந்தால், எங்கே திருத்த வேண்டும் என்பதும் தெரியும்.

எப்படித் திருத்துகிறார்கள்?

மூன்று வழிகள் முக்கியமானவை.

முதலாவது, மியூசியம் கிளிஞ்சல். 1950-களின் நடுப்பகுதிக்கு முன்பு, உயிரோடு பிடித்து, தேதியும் இடமும் எழுதி வைத்த ஓடுகளை அளப்பார்கள். உண்மையான வயது தெரியும் என்பதால், அந்தக் கடலோரத்தின் பிழை எவ்வளவு என்று நேரடியாகக் கிடைத்துவிடும். ஏன் அதற்கு முன்பு? அணுகுண்டு சோதனைகள் 1960-களின் தொடக்கத்துக்குள் வட அரைக்கோளக் காற்றில் கார்பன்-14 அளவை ஏறத்தாழ இரட்டிப்பாக்கின. அதன் பிறகு எடுத்தவை இந்தக் கணக்குக்கு உதவாது.

இரண்டாவது, ஜோடி முறை. மேட்டின் ஒரே அடுக்கில் ஒரு கிளிஞ்சலையும் ஒரு கரித்துண்டையும் எடுத்து இரண்டையும் அளப்பார்கள். கரி மரத்தில் இருந்து வந்தது, மரம் காற்றில் இருந்து கார்பன் எடுத்தது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் அந்தக் காலத்தின் கடல் பிழை.

மூன்றாவது, அளவுத்திருத்த வளைவு. மர வளையம் போன்ற தேதி தெரிந்த பொருட்களை வைத்து, ஒவ்வொரு காலத்திலும் கார்பன்-14 அளவு எப்படி இருந்தது என்று வரைந்த அட்டவணை. நிலத்துக்கு ஒன்று, கடலுக்குத் தனியாக ஒன்று. கடலுக்கான 'மரைன்20' 2020-ல் வந்தது. கடைசிப் பனியுகத்துக்குப் பிந்தைய காலத்துக்கு, பழைய வளைவைவிட இது கடலின் சராசரிப் பிழையைச் சுமார் 150 ஆண்டுகள் கூடுதலாக வைக்கிறது. அதனால் ஒவ்வொரு கடலோரத்துக்கும் முன்பு போட்ட உள்ளூர்த் திருத்தங்களையும் மறுபடி கணக்கிட வேண்டியதாயிற்று.

பெர்க்லி மேடு சொன்ன பாடம்

இந்த ஜோடி முறையை வெஸ்ட் பெர்க்லி மேட்டிலேயே செய்து பார்த்தார்கள். கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர் லின் இங்க்ராம் 1998-ல் வெளியிட்ட ஆய்வு அது. சுமார் 5,000 ஆண்டு காலத்தில், கிளிஞ்சலுக்கும் கரிக்கும் இடையிலான வித்தியாசம் ஒரே மாதிரி இல்லை என்பதே அதன் முக்கிய முடிவு. சில காலங்களில் அதிகம், சில காலங்களில் குறைவு. ஏற்ற இறக்கம் நூற்றாண்டுக் கணக்கில் இருந்தது.

இதற்கு அர்த்தம், மியூசியம் கிளிஞ்சலில் இருந்து கிடைத்த ஒரே எண்ணை எல்லா அடுக்குகளுக்கும் கழித்துவிட்டால் சரியாகிவிடும் என்று நினைக்க முடியாது. வளைகுடாவில் கடல்நீரோடு ஆற்று நீரும் கலக்கிறது. மழை கூடினால் ஒரு கலவை, வறட்சியில் வேறு கலவை. காற்று பலமாக வீசிய காலத்தில் ஆழ்நீர் அதிகம் மேலே வந்திருக்கும்.

ஆனால் இதையே திருப்பிப் பார்க்கலாம். வித்தியாசம் ஏன் மாறியது என்று கேட்டால், 5,000 ஆண்டுகளாகக் கடலும் காலநிலையும் எப்படி மாறின என்ற பதிவு கிடைக்கிறது. காலக்கணிப்பில் பிழையாக வந்த எண், காலநிலை ஆய்வில் தரவாகிறது. அதற்கு ஒரே நிபந்தனை, அடுக்குகள் கலையாமல் இருக்க வேண்டும். சாலைக்கு அள்ளிப் போட்ட கிளிஞ்சலில் இந்தக் கணக்கு எதையும் போட முடியாது.

கரி மட்டும் உத்தமமா?

அதுவும் இல்லை. கலிஃபோர்னியா கடலோரத்தில் வளரும் ரெட்வுட் மரங்கள் 2,000 ஆண்டுகள்கூட வாழும். அப்படி ஒரு மரத்தின் உள்தண்டை அடுப்பில் எரித்திருந்தால், கரி காட்டுவது அந்த மரவளையம் உருவான ஆண்டை. அடுப்பு எரிந்த ஆண்டை அல்ல. அதனால்தான் ஆய்வாளர்கள் பெரிய கட்டையைவிடச் சுள்ளி, விதை, கொட்டை ஓடு போன்ற குறுகிய ஆயுள் உள்ளவற்றைத் தேடுகிறார்கள்.

மனித எலும்பையே அளந்துவிடலாமே? அங்கே இரண்டு தடைகள். கடல் உணவு சாப்பிட்டவரின் எலும்பிலும் கடலின் பிழை ஏறியிருக்கும். அதைவிட முக்கியமானது, அளப்பதற்கு எலும்பின் ஒரு பகுதியை அழிக்க வேண்டும். 'அது எங்கள் பாட்டன் பூட்டனின் எலும்பு' என்று சொல்லும் மக்கள் இன்றும் இருக்கிறார்கள். பழங்குடியினரின் எச்சங்களை அவர்களிடமே திருப்பித் தர வகை செய்யும் சட்டம் அமெரிக்காவில் 1990-ல் வந்தது. இந்தச் சூழலில் கிளிஞ்சலும் கரியும்தான் யாரையும் புண்படுத்தாமல் கேள்வி கேட்கக்கூடிய மாதிரிகள்.

வயது தெரிந்தால் வழக்கு ஜெயிக்குமா?

ஜெயிக்காது என்பதற்கு பெர்க்லியே உதாரணம்.

2000-ல் நகர நிர்வாகம் இந்த இடத்தைப் பாதுகாக்கப்பட்ட அடையாளமாக அறிவித்தது. 2018-ல் நில உரிமையாளர் தரப்பு, வீட்டுத் தட்டுப்பாட்டைக் குறைக்க வந்த எஸ்.பி. 35 என்ற மாநிலச் சட்டத்தின் கீழ் 260 வீடுகள் கட்ட விண்ணப்பித்தது. நகரம் மறுத்தது. வழக்கு மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போய், 2021-ல் உரிமையாளர் தரப்புக்குச் சாதகமாகத் தீர்ப்பானது. இடிக்கப்படுவதற்கு அந்த நிலத்தின் மேல் வரலாற்றுக் 'கட்டுமானம்' எதுவும் இல்லை என்பது தீர்ப்பின் சாரம்.

அங்கே யாரும் மேட்டின் வயதை மறுக்கவில்லை. சட்டம் கேட்டது வயதை அல்ல. தரைக்கு மேல் என்ன இருக்கிறது என்பதை. தரைக்கு மேல் இருந்ததை நூறு ஆண்டுகளுக்கு முன்பே அள்ளிவிட்டார்கள். அழித்ததே அழித்தவருக்குச் சாதகமாக முடியும் சூழல் அது. கடைசியில் நிலம் கைமாறியது தீர்ப்பால் இல்லை, பணம் கொடுத்து வாங்கியதால்.

இதில் இன்னொரு பக்கமும் உண்டு. அந்த வட்டாரத்தில் வீட்டுத் தட்டுப்பாடு நிஜமான பிரச்சினை. 260 வீடுகள் என்பது சின்ன விஷயம் இல்லை. எது முக்கியம் என்று கார்பன்-14 சொல்லாது. எதை இழக்கிறோம் என்பதை மட்டும் தெளிவாகக் காட்டும்.

நமக்கு இதில் என்ன?

தமிழ்நாட்டில் கார்பன் டேட்டிங் முடிவுகள் இப்போது தலைப்புச் செய்தி, அரசியல் விவாதம், மீம் எல்லாமே. கீழடியில் 353 செ.மீ. ஆழத்தில் கிடைத்த கரி மாதிரிக்கு கி.மு. 580 என்று 2019-ல் அறிவித்தார்கள். சிவகளை முதுமக்கள் தாழியில் கிடைத்த நெல்லுக்கு கி.மு. 1155 என்று 2021-ல் அறிவித்தார்கள். இரண்டும் நிலத்துப் பொருட்கள். அதனால் கடல் பிழை இவற்றைத் தொடாது. நெல் ஓராண்டுப் பயிர் என்பதால் பழைய மரச் சிக்கலும் அதற்குக் கிடையாது.

ஆனால் கி.மு. 800 முதல் 400 வரையிலான காலத்துக்கு வேறொரு சிக்கல் உண்டு. அந்த 400 ஆண்டுகளில் அளவுத்திருத்த வளைவு கிட்டத்தட்டத் தட்டையாகப் போகிறது. அதாவது கி.மு. 750-ஐச் சேர்ந்த பொருளும் கி.மு. 450-ஐச் சேர்ந்த பொருளும் ஏறத்தாழ ஒரே அளவு காட்டலாம். கி.மு. 580 இந்தத் தட்டைப் பகுதிக்குள்தான் வருகிறது. இதனால் கீழடியின் தொன்மை பொய்யாகிவிடாது. ஒற்றை ஆண்டைப் பிடித்துக்கொண்டு சண்டை போடுவதைவிட, முழு வரம்பையும், பல மாதிரிகளையும், மண்ணடுக்கையும், பானை ஓட்டு எழுத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பதே இதன் பொருள்.

அடுத்த முறை 'இத்தனை ஆயிரம் ஆண்டு பழமை' என்று ஒரு கார்டு ஷேர் ஆகும்போது நான்கு கேள்விகள் கேட்டுப் பாருங்கள்:

- அளந்தது எதை? கரியா, விதையா, எலும்பா, கிளிஞ்சலா?
- கடல் பொருள் என்றால், எந்தத் திருத்தம் போட்டார்கள்?
- ஒரு மாதிரியா, பல மாதிரிகளா?
- சொல்வது ஒற்றை ஆண்டா, வரம்பா? எந்த அளவுத்திருத்த வளைவு?

பதில் இருந்தால் தைரியமாக ஷேர் செய்யலாம். இல்லாவிட்டால் ஆய்வறிக்கை வரும்வரை காத்திருக்கலாம். மாதிரியும் அது கிடைத்த அடுக்கும் பத்திரமாக இருந்தால், நாளைக்கு நல்ல வளைவோ நல்ல கருவியோ வரும்போது வயதை மறுபடி கணக்கிட்டுக்கொள்ள முடியும். அடுக்கையே அள்ளிவிட்டால் எந்தக் கருவி வந்தும் பயனில்லை.